கணினிக்கு எப்போது வயதாகிறது?



மட்டக்களப்பு நகரத்தில் கணினி திருத்தும் கடையொன்றின் வாயிலில் அரைமணி நேரம் நின்று பார்த்தால், வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதி நினைவுக்கு வராமற் போகாது. காத்தான்குடியிலிருந்து ஒருவர் தம் வீட்டுக் கணினியைத் துவாயினாற் சுற்றி, முச்சக்கரவண்டியில் மடிமீது வைத்துக் கொணர்கிறார். படுவான்கரைக் கொக்கட்டிச்சோலையிலிருந்து வேறொருவர் மண்முனைப் பாலத்தின் வழியாக வந்து சேர்கிறார். 2014ஆம் ஆண்டில் அப்பாலம் திறக்கப்படுமுன், இந்த நோயாளி 'பாதை' என்று நம்மவர் வழங்கும் மிதவையிலேறி வாவியைக் கடந்தே வைத்தியரைக் கண்டிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்த இளைஞர் தீர்ப்பளிக்கிறார்: "இது இனி ஏலாது, ஐயா. புதிசா ஒண்டு எடுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் முழு உண்மையையும் சொல்லிவிட்டார் என்பதற்கில்லை. ஏலாமற் போனது எது? பெட்டியா, பெட்டிக்குள் ஓர் உறுப்பா, அல்லது பெட்டியோடு இதுகாறும் இணங்கியிருந்த வேறொன்றா? இந்த வினாவைக் கேளாமலே நம்மில் பலர் பணப்பையைத் திறக்கிறோம். பணம் போவது ஒருபுறமிருக்க, அப்பெட்டியோடு வேறு சில பொருள்களும் போய்விடுகின்றன. அவற்றைப் பற்றிச் சொல்வதற்காகவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

ஐம்பதுகளில் நம் வீடுகளில் வீற்றிருந்த வால்வு வானொலிப் பெட்டியை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வால்வு எரிந்தால் வால்வை மாற்றினார்கள். கம்பி அறுந்தால் ஈயம் உருக்கி ஒட்டினார்கள். தகப்பனார் வாங்கிய பெட்டியை மகனும் கேட்டான். நிலையம் மத்திய அலையில் ஒலிபரப்பும் வரையில், 1950இற் செய்த பெட்டியும் பாடும். நேற்றுச் செய்த பெட்டியும் பாடும். கணினியின் வாழ்வு அத்தகையதன்று. அஃது அச்சுப்பொறியோடும், திரையோடும், இயங்குதளத்தோடும், இணையத்தோடும் ஓயாமல் உடன்படிக்கை செய்துகொண்டே வாழ வேண்டியிருக்கிறது. மறுதரப்பார் உடன்படிக்கையை மாற்றிவிட்டால், நோயின்றி இருக்கும் பெட்டியும் அன்றே கிழமாகிவிடுகிறது.

உண்மையான நோயும் இல்லாமலில்லை. அதிலும் நம் வாவிக்கரையில் அதற்குக் குறைவேயில்லை. கல்லடி முதல் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி வரையுள்ள எழுவான்கரை ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக அமைந்த ஒடுங்கிய நிலப்பட்டை. கடற்காற்றோடு வரும் உப்புத்துகள் கணினியின் காற்றுத்துளைகளின் வழியே உட்புகுந்து பலகைகளின்மேற் படிகிறது. சாதாரண கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மாரிகாலத்தில் உப்புப் போத்தல் கசிவதைக் காணாத இல்லத்தரசி இல்லை. அதே கசிவு கணினிக்குள்ளும் நடக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும், தகடுகளின் விளிம்பிலே பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சு படரும். மாரி போனாற் கச்சான் காற்று வருகிறது. அது கொண்டுவரும் வெப்பமும் புழுதியும் விசிறியை அடைத்துப் பெட்டியைச் சூடாக்குகின்றன. இவ்விரு காற்றுகளுக்கும் நடுவே குடியிருக்கும் கணினி, குளிரூட்டிய கொழும்புக் காரியாலயத்துக் கணினியைவிட முன்னதாக நோய்ப்படுவதில் வியப்பென்ன?

ஆனால் இந்நோய்களிற் பல எளிதில் தீர்வன. கணினி திடீரென்று உயிர்பெறாமல், திரை கறுப்பாகவே நின்று, பெட்டி மாத்திரம் 'பீப், பீப்' என்று கத்துமானால், பெரும்பாலும் 'ராம்' எனப்படும் நினைவகத் தகட்டின் தொடுமுனைகளில் அழுக்கேறியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, தகட்டைக் கழற்றி, பாடசாலைப் பிள்ளையின் அழிறப்பரால் அப்பொன்னிற முனைகளை மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மீண்டும் பொருத்தினால் பல பெட்டிகள் எழுந்துவிடும். நம் ஊர்த் திருத்துநர் யாவரும் அறிந்த வைத்தியம் இது. சிலர் இதனை வாடிக்கையாளர் காணாதபடி உள்ளறையிற் செய்வர்; மருந்து மலிவானதென்று தெரிந்தால் மதிப்புக் குறையுமல்லவா!

இன்னொரு நோயும் உண்டு. கணினி ஒவ்வொரு நாள் காலையிலும் பல ஆண்டுகளுக்கு முந்திய தேதியோடு விழித்தெழும். நினைவிழந்த முதியவர் போலத் தான் இருப்பது எந்த ஆண்டென்று அதற்குத் தெரியாது. அந்நிலையில் வங்கியின் இணையத்தளத்தைத் திறந்தால், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லையென்று எண்ணிக் கணினி கதவைச் சாத்திவிடும். வீட்டார் இதனை வைரஸ் என்பர். உண்மையில் தீர்ந்துபோனது தாய்ப்பலகையிலிருக்கும் ஒரு பொத்தான் பற்றறி. மூன்று வோல்ற்று வலுவுள்ள, நாணயம் போன்ற சிறு வில்லை. அதன் விலை ஒருவேளைத் தேநீர்ச் செலவோடு ஒப்பிடத்தக்கது. இச்சிறு வில்லைக்காக முழுக் கணினியையும் தள்ளிவைத்த வீடுகள் எழுவான்கரையிலும் உண்டு, படுவான்கரையிலும் உண்டு.

யூ.பி.எஸ். என்னும் மின்காப்புப் பெட்டியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாடும் மீனைக் கேட்கப் பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தடியில் தோணியேறிக் காத்திருக்க வேண்டுமென்பர். யூ.பி.எஸ். பாடுவதைக் கேட்க அவ்வளவு சிரமமில்லை. மின்சாரம் நின்றாற் போதும். அதனுள்ளிருக்கும் ஈய அமில பற்றறி வெப்பத்தை வெறுப்பது. 25 பாகை வெப்பநிலையைக் கணக்காகக் கொண்டு செய்யப்பட்ட அதன் ஆயுள், ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் பாதியாகக் குறையும். அதனால்தான் பெட்டியின் மீது எழுதிய ஆயுள் நம்மூரில் நிறைவேறுவதில்லை. பற்றறியை மாத்திரம் மாற்றலாம்; பெட்டியை எறிய வேண்டியதில்லை.

இனி, நோயில்லாமலே வரும் முதுமைக்கு வருவோம்.

நினைவகம் போதவில்லை, இன்னொரு தகடு வாங்கிப் போடுவோம் என்று ஒருவர் எண்ணுகிறார். கடைக்குச் சென்றால், 'உங்கள் பெட்டி மூன்றாந் தலைமுறை. இப்போது இருப்பவை நான்காவதும் ஐந்தாவதும்' என்று விடை வருகிறது. டி.டி.ஆர். 3 என்னும் தகட்டில் 240 தொடுமுனைகள், டி.டி.ஆர். 4இல் 288. ஐந்தாவதிலும் 288 தான். ஆனாற் பிழையாகச் செருகாதிருக்க நடுவிலுள்ள வெட்டு இடம்மாறியிருக்கும். மடிக்கணினியின் சார்ஜர் கதை இதனினும் கொடிது. ஒன்றின் முனை உருண்டை, ஒன்றின் முனை சப்பை, ஒன்றினுள்ளே ஊசி. ஒரே வீட்டில் மூன்று மடிக்கணினிகள் இருந்தும் ஒன்றின் சார்ஜர் மற்றொன்றுக்கு உதவாது. இவ்விடரைத் தீர்க்க ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே இயற்றியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் கைத்தொலைபேசிகளும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளும் யூ.எஸ்.பி. - சி என்னும் ஒரே வகை முனையைக் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவுக்கெனச் செய்வனவே இங்கும் வருமாகையால் அதன் பயன் காலப்போக்கில் நம்மையும் வந்தடையும்.

இப்பொருந்தா உலகத்தில் நன்றி மறவாத உறுப்பு ஒன்றும் உண்டு. வன்தட்டை இணைக்கும் 'சாட்டா' என்னும் இணைப்பு 2003 அளவில் வழக்குக்கு வந்து இன்றும் நிலைத்திருக்கிறது. பத்தாண்டுப் பழமையான கணினியிலும் சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு, சுழலாத எஸ்.எஸ்.டி. தட்டொன்றைப் பொருத்தலாம். அது ஒன்றே பெட்டிக்கு இளமையைத் திருப்பித் தரும். என் மதிப்பில், பழைய கணினிக்குச் செலவிடத்தக்க முதற்பணம் இதுவே.

இயங்குதளத்தினால் வரும் முதுமையை மாத்திரம் இத்துணை எளிதாகத் தீர்க்க இயலவில்லை. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. தனியாட்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற வழி செய்யப்பட்டதும் உண்மை. விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், இண்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்கிறது. அத்தலைமுறை 2017இன் பிற்பகுதியில் வந்தது. அதற்கு முந்திய பெட்டி எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படும்.

இவ்விதி நம் பகுதியை ஏன் கூடுதலாகத் தாக்குகிறது என்பதை அறிய 2022ஆம் ஆண்டை நினைக்க வேண்டும். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த மாற்றுவீதம், மே மாதத்தில் 360 ரூபாயளவை எட்டியது. 500 டொலர்க் கணினி இலட்சம் ரூபாயிலிருந்து ஓரிலட்சத்து எண்பதினாயிரமாயிற்று. சம்பளமோ இருந்தவிடத்திலேயே இருந்தது. அந்நாள்களில், பிறநாட்டுக் காரியாலயங்கள் கழித்துவிட்ட பாவித்த கணினிகளே ஆசிரியருக்கும் மாணவருக்கும் கைகொடுத்தன. அவற்றிற் பல எட்டாந் தலைமுறைக்கு முந்தியவை. கடன்பட்டு வாங்கி மூன்றாண்டு கடக்குமுன் 'உன் பெட்டிக்கு வயதாகிவிட்டது' என்று திரையிலே அறிவித்தல் தோன்றினால், வாங்கியவரின் மனம் என்ன பாடுபடும்?

எனினும், அறிவித்தல் தோன்றிய மறுநாளே பெட்டி நின்றுவிடாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது முன்போலவே கடிதம் எழுதும், கணக்குப் போடும். புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படா என்பதே ஆபத்து. ஆகவே இணையத்திற் பணம் கொடுக்கல் வாங்கல் செய்பவர் அதனை அப்படியே வைத்திருத்தல் தகாது. அவருக்கும் புதுப்பெட்டி ஒன்றே கதியன்று. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் எளிய வகைகள் பழைய பெட்டிகளிலும் ஓடும். எழுதவும் அச்சிடவும் வேண்டிய மென்பொருள்களும் அதில் விலையின்றிக் கிடைக்கும். புதிய விண்டோஸ் ஏற்க மறுக்கும் பழைய அச்சுப்பொறிகள் சிலவற்றை லினக்ஸ் ஏற்றுக்கொள்வதும் உண்டு. முதல் மாதம் விரல்கள் தடுமாறும்; பிறகு பழகிவிடும்.

இனிச் சொல்வது இவற்றினும் பெரியது. கணினியை மாற்றும்போது அதனோடு போய்விடும் நம் எழுத்தைப் பற்றியது.

படுவான்கரை ஊரொன்றில் ஓர் அண்ணாவியார் இருக்கிறார் எனக் கொள்வோம். வடமோடிக் கூத்தொன்றின் கையெழுத்துப் படி அவரிடம் உண்டு. தாள் நொறுங்கத் தொடங்கிவிட்டது. பேரப்பிள்ளை பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதனைப் பார்த்துக் கணினியில் தட்டெழுதி முடித்தாள்; முதியவர் பக்கத்திலிருந்து பாடிப்பாடித் திருத்தினார். பின்னர் ஏடும் கறையானுக்கு இரையாயிற்று. இப்போது பழைய கணினி போய்ப் புதியது வந்திருக்கிறது. கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கண்டபடி சிதறிக் கிடக்கின்றன. "கோப்புக் கெட்டுப்போச்சு, அழிச்சிரலாம்" என்று யாரோ சொல்கிறார்கள். இது கற்பனைதான், ஆனால் கோயில் வரவுசெலவு, கண்ணகி வழக்குரைப் படி, பாடசாலை வினாத்தாள், சனசமூக நிலையக் கூட்டக்குறிப்பு என்று பெயரை மாற்றிப் பாருங்கள். உங்கள் ஊரிலேயே ஓர் உண்மைக் கதை அகப்படும்.

நடந்தது என்ன? இலங்கையிலே நெடுங்காலமாகத் தமிழ்த் தட்டெழுத்துக்குப் பெரிதும் பயன்பட்டுவந்தது பாமினி என்னும் எழுத்துரு. அது செய்தது ஒரு தந்திரம். கணினி தான் ஆங்கில எழுத்தைச் சேமிப்பதாகவே எண்ணிக்கொள்ளும். பாமினியோ அந்த ஆங்கில எழுத்தின் உருவத்தைத் தமிழெழுத்தின் உருவமாக வரைந்து காட்டும். 'அம்மா' என்று நாம் எழுதினால், கணினியின் வயிற்றுக்குள்ளே இருப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். பாமினி அருகிலிருந்தால் அவை 'அம்மா' ஆகும். பாமினி இல்லாத புதுக்கணினியில் அவை எம், கே, அரைப்புள்ளியாகவே நிற்கும். முகமூடி கழன்றதேயன்றி ஆள் சாகவில்லை.

யுனிகோட் என்னும் முறை இத்தந்திரத்துக்கு மாறானது. அதில் 'அ' என்னும் எழுத்துக்கு உலகமெங்கும் ஒரே எண். எந்த எழுத்துருவில் திறந்தாலும் அது 'அ' வேதான். 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் நம் அச்சகங்களும் காரியாலயங்களும் பாமினியை எளிதில் விடவில்லை. விரல் பழக்கம் நாக்குப் பழக்கம் போன்றது. குறை சொல்வதிற் பயனில்லை. இன்றோ பாமினி விசை ஒழுங்கிலேயே தட்டி யுனிகோட்டில் எழுதும் வசதியும் வந்துவிட்டது.

ஆதலால் பழைய கணினியைக் கடைக்கு அனுப்புமுன், அதிலுள்ள எழுத்துருக் கோப்புகளைத் தனியே பிரதியெடுங்கள். பாமினி மாத்திரமன்று, உங்கள் ஊர் அச்சகத்தார் கொடுத்த பெயர் தெரியாத எழுத்துருக்களையும் எடுங்கள். அவை மிகச் சிறியவை, இடம் அடையா. புதுக்கணினியில் அவற்றை நிறுவியவுடன் சிதறிக் கிடந்த எழுத்துகள் மீண்டும் தமிழாய் எழுந்து நிற்கும். அதன்பின் அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றலாம். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றியபின் ஒருவர் இருந்து படித்துப் பார்ப்பது இன்றியமையாதது. மாற்றிக்கு மொழி தெரியாது. இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்றே கருதிவிடும். கிலோமீற்றரைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுதிய கே, எம் என்னும் இரண்டெழுத்தும் 'மஅ' என்று உருமாறி நிற்கும். கூத்துப் படியில் இத்தொல்லை குறைவு. கணக்குப் புத்தகத்தில் மிகுதி.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன அரங்குக்கும் அச்சுக்கும் கொண்டுவர உழைத்தபோது, அவருடைய பகைவர் கறையானும் மறதியும். இன்று பிரதிகளைத் தேடுவோருக்குக் கணினிக் கடையின் பழைய இரும்புக் குவியலும் ஒரு பகையாகிவிட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கிற் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் யார் வீட்டுப் பழைய வன்தட்டில் எது கிடக்கிறது என்பதை அவ்வீட்டாரே அறிவர்.

கழித்த பெட்டியை என் செய்வது? வேலி மூலையில் எறிவதும், வாவியோரத்துக் கண்டலடியிற் கொட்டுவதும் ஆகாத காரியங்கள். யூ.பி.எஸ். பற்றறியில் இருப்பது ஈயமும் அமிலமும். பழைய ஒட்டுகளிலும் ஈயமுண்டு. இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் கண்டல் வேரில் அதைக் கரைய விடுவது நம் சோற்றிலே நாமே நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததென்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாயிற்றென்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. ஈய பற்றறியைப் பழைய பற்றறி வாங்குவோர் விலைகொடுத்தே எடுப்பர். பெட்டியைத் திருத்துநரிடம் கொடுத்தால் உறுப்புகள் வேறு நோயாளிகளுக்கு உதவும். வன்தட்டை மாத்திரம் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை அழித்துவிட்டோம் என்று நாம் எண்ணினாலும் அது தட்டிலேயே கிடக்கும். தெரிந்தவர் கையில் உங்கள் அடையாள அட்டைப் படமும் வங்கிக் கணக்கும் மீண்டும் எழும்பும்.

பிரதியைப் பற்றி ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் தாக்கியபோது, வீட்டுப் பெட்டகத்தில் இருந்தவையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தவையும் ஒன்றாகவே போயின. 2011 ஜனவரி வெள்ளத்தின்போது தாழ்நிலத்து வீடுகளுள் நீர் புகுந்தது. ஆகையாற் கணினியிலுள்ள ஒரு பிரதியும் மேசை இழுப்பறையிலுள்ள ஒரு பென் ட்ரைவும் இரண்டு பிரதியாக எண்ணத்தக்கவையல்ல. அவை ஒரே கூரையின் கீழ் இருப்பவை. எழுவான்கரையில் வாழ்பவர் ஒரு பிரதியைப் படுவான்கரை உறவினர் வீட்டிலும், படுவான்கரையார் இக்கரையிலும் வைக்கலாம். பென் ட்ரைவைச் சிறு போத்தலொன்றில் இட்டு, புதிய மின்சாதனப் பெட்டிகளோடு வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் உள்ளே வைத்து இறுக மூடினால் உப்புக்காற்று அண்டாது. ஆண்டுக்கொருமுறை, வைகாசிக் குளுத்திக்கு உறவினர் கூடும்போது, அதனை எடுத்துத் திறந்து பார்த்து, புதிய கோப்புகளையும் சேர்த்து வைத்துவிடலாம்.